அம்சவள்ளி உட்கார வந்த இடம்

எந்த ஊருக்கு வீடு பார்க்கப் போனாலும் அம்சவள்ளியம்மாவின் கண் முதலில் குப்பையின் மீதுதான் விழும். வீட்டைக் காட்ட வந்தவர் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, குழாயைத் திருகிக் காட்டிக்கொண்டிருப்பார். இவரோ தெருமுனையில் நின்று கால்வாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மருந்து அட்டை நிறையக் கிடந்தால், வயசானவங்க தெரு, பிள்ளைங்க பக்கத்தில் இல்லை என்பார். உடைந்த பாட்டில் கிடந்தால் வீட்டுக்குள் காலே வைக்க மாட்டார். சென்னையில் முப்பது வருடம் தெருப் பெருக்கி ஓய்வு பெற்றவர். அந்தக் கண்ணை அவ்வளவு சுலபமாக மூடிவிட முடியாது.

அவருடைய மகன் சித்தார்த்தனும் நானும் திண்டிவனத்தில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். என்னிடம் ஒரு பழைய கார் இருந்ததால் வீடு பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கடல் தெரிகிற மாதிரி ஓர் அறை. வேலையில் கடைசிப் பன்னிரண்டு வருடம் அவருக்கு விழுந்த பகுதி கடற்கரைச் சாலை. ஊரே காற்று வாங்க வந்து தின்று போட்டுவிட்டுப் போன சோளத் தக்கையையும் பேப்பர் கப்பையும் விடிவதற்குள் கூட்டியாக வேண்டும்.

“பன்னெண்டு வருசம் கடல் பக்கத்துலயே இருந்தேன் தம்பி. ஒரு நாளு கூட உக்காந்து பாத்ததில்ல” என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வது மாதிரி சொன்னார்.

மகன் வீட்டிலேயே இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். சித்தார்த்தன் இருப்பது வாடகை வீடு. அம்மா கார்ப்பரேஷனில் கிளார்க் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தான். அங்கே தங்கும் நாட்களில் வீட்டுக்காரம்மா ஏதாவது ஒரு விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன் என்பாராம். கண் சரியில்லை என்று சொல்லி இவர் தப்பிப்பாராம். அதைச் சொல்லும்போது அம்சவள்ளியம்மா சிரித்தார். சித்தார்த்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அவர்களைப் போல ஊருக்கு வெளியே ஒரு காலனியில் பிறந்தவன்தான். சொந்த ஊர் எது என்று வீட்டுக்காரர் கேட்டால் மயிலம் பக்கம் என்பேன். பக்கம் என்றால் எங்கே என்று அடுத்த கேள்வி வருவதற்குள் மலைக்கோயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். பங்குனி உத்திரத் தேர், படிக்கட்டு, கூட்டம் என்று நான் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் நான் பெரிய பக்தன் என்றுதான் தோன்றும். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் அந்த முருகன் தயவில் குடியிருக்கிறேன்.

முதல் ஞாயிறு காணைக்குப் போனோம். அம்சவள்ளியம்மா பிறந்த இடம். அண்ணன் வீட்டை ஒட்டி இடம் இருந்தது, வந்து கட்டிக்கொள் என்று அண்ணனும் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே கரும்புத் தோட்டக்காரரின் மகன் வண்டியில் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. “இன்னா அம்சு, எப்ப வந்த?” என்றான். அவர் எழுந்து நின்றுகொண்டார். நின்றபிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி அவர் பேசவேயில்லை.

இரண்டாவது ஞாயிறு திண்டிவனத்திலேயே ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் காபியெல்லாம் கொடுத்தார். சொந்த ஊர் காணை என்றதும், காணையில் எந்தப் பக்கம் என்று கேட்டார். இவர் மறைக்காமல் சொன்னார். காபி டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், மருமகன் குடிவரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான், கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். மருமகன் இன்றுவரை குடிவரவில்லை.

அதனால் மூன்றாவது ஞாயிறு, மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போகும் வழியில், அந்தக் காரியத்தை நான் செய்தேன். காரை ஓரங்கட்டி, “அம்மா, கேட்டா கார்ப்பரேஷன் ஆபீஸ்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்ல” என்றேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வீட்டுக்காரி தேவயானிக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் சுதாகர் கடலுக்குப் போகிறவர். தங்கள் வீட்டை ஒட்டி ஒற்றை அறை கட்டியிருந்தார்கள். வாசல் கடலைப் பார்த்து இருந்தது. தேவயானி அரிவாள்மனையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டே பேசினாள். எங்கே வேலை என்றாள். கார்ப்பரேஷன் ஆபீஸ் என்றார் இவர். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. மீன் ஆயத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, தெரியாவிட்டால் தானே ஆய்ந்து தருவதாகச் சொன்னாள். அம்சவள்ளியம்மா அன்றைக்குத் தெருமுனைக்குப் போய்க் குப்பையைப் பார்க்கவேயில்லை. நேரே வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் சாமான்களை ஏற்றினோம். ஒரு கட்டில், கணவர் விருத்தாசலத்தின் படம், கேப்பை மாவு ஒரு டின், ஒரு துடைப்பம். மூங்கில் கம்பு கட்டிய ஈர்க்குத் துடைப்பம், என் உயரத்துக்கு இருந்தது. ஒற்றை அறைக்கு இது எதற்கு என்று என் வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆடி மாதம் அந்தக் குப்பத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். ராத்திரி வரை கூட்டம். அம்சவள்ளியம்மாவுக்கு வழக்கம்போல் நாலரைக்கு விழிப்பு வந்தது. கதவைத் திறந்தால் தெரு முழுக்கப் பேப்பர் கப்பும் இலையும் பூவும். அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: கை போய்விட்டது, தலைக்குத் தெரிவதற்கு முன்னால்.

வாசலைப் பெருக்காத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? ஆனால் வாசல் பெருக்குவது வேறு, தெருப் பெருக்குவது வேறு. புடவையை இழுத்துச் சொருகி, முகத்தில் துண்டைக் கட்டி, நிமிர்ந்து நின்று, இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவுக்குத் தள்ளி, இருபது அடிக்கு ஒரு குவியலாக, இலை தனி, பிளாஸ்டிக் தனி என்று குப்பத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முடித்துவிட்டார். கடலிலிருந்து படகுகள் திரும்புகிற நேரம். சென்னைக் காசிமேட்டில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் கரையேறி வந்து, வரிசையாக இருந்த குவியல்களைப் பார்த்தார். இது கார்ப்பரேஷன் கை என்றாராம்.

பத்து மணிக்குக் குப்பத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். சண்டைக்கு இல்லை. ரொம்ப மரியாதையாக, ங்க போட்டுத்தான் பேசினார்கள். இந்தப் பக்கம் பெருக்க வந்துகொண்டிருந்த ஆள் இரண்டு மாதமாக வருவதில்லை, நீங்கள்தான் ஊரோடு இருக்கிறீர்களே, அந்த வேலையை எடுத்துச் செய்தால் ஊருக்கே நல்லது என்றார்கள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அவர் போன் செய்தது எனக்குத்தான், மகனுக்கு இல்லை. பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. சித்தார்த்தனையும் ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரியவர்கள் பதிலுக்காக மறுபடியும் வந்திருந்தார்கள். தேவயானி தன் வாசலில் மீனோடு உட்கார்ந்திருந்தாள்.

“முப்பது வருசம் பெருக்கிட்டேங்க” என்றார் அம்சவள்ளியம்மா. “இங்க உக்கார வந்திருக்கேன்.”

ஒருவர் தலையாட்டிக்கொண்டு போனார். இன்னொருவருக்கு முகம் சுண்டிவிட்டது, சொல்லிக்கொள்ளாமல் போனார். அவர்கள் போகும் வரை காத்திருந்தாள் தேவயானி.

“ஆபீஸ்னு சொன்னீங்களேக்கா.”

“சொன்னேன். தொடப்பம்னு சொல்லியிருந்தா வூடு குடுத்திருப்பியா?”

தேவயானி கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். உண்மையாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது.

“குடுத்திருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்” என்றாள். “இப்ப காலி பண்ணச் சொல்லவும் வாய் வரல.”

சித்தார்த்தனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உள்ளே போய்க் கட்டிலின் மீதிருந்த துணிகளை அள்ளிப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தான். கிளம்பும்மா, திண்டிவனத்தில் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம், இங்கே ஒரு நிமிடம்கூட வேண்டாம் என்றான். அவர் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“பைய வையிடா. அங்க வந்தா மறுபடியும் நான் கிளார்க்கு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலன்னு சொல்லிக்கினு கெடக்கணும். இவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. இனிமே இவ கிட்ட நான் எதையும் மறைக்க வேணாம்.” பிறகு என்னையும் பார்த்தார். “இங்க என் வேல என்னான்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சே உக்காந்துக்கினு இருக்கேன்.”

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். தெருவில் குவியல்கள் அப்படியே இருந்தன. காற்றில் ஒன்றிரண்டு கப்புகள் உருண்டு அவர் காலடிக்கே வந்தன. கை ஒருமுறை அசைந்தது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தேவயானி எழுந்து கை கழுவிக்கொண்டு, ஒரு சாக்கை எடுத்துவந்து, தன் வாசலுக்கு நேரே இருந்த குவியலை மட்டும் அள்ளினாள். மற்றதைத் தொடவில்லை.

சித்தார்த்தன் துணிகளைத் திரும்பக் கட்டிலில் வைத்தான்.

இருவரும் திண்டிவனம் திரும்பினோம். அவனை அவன் வீட்டில் இறக்கிவிட்டு நான் வந்தேன். என் வீட்டுக்காரர் கேட்டருகே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். காலையிலிருந்து காரைக் காணோமே, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் சார் என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். வழியெல்லாம் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன.

“மயிலத்துக்கு” என்றேன். “கோயில்ல இன்னைக்கு நல்ல கூட்டம்.”