பிரேக் காலும் லெமன் பாம் இலையும்

இலையைக் கிள்ளி, இரண்டு விரலுக்கிடையே கசக்கி, பக்கத்தில் இருப்பவரின் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். "மோந்து பாருங்க. படபடப்பு எங்க போச்சுன்னே தெரியாது." கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு, சாவியைத் திருகுமுன் இது நடந்தாக வேண்டும்.

பார்த்தால் புதினாவின் தங்கை, மோந்தால் எலுமிச்சைக்குச் சொந்தக்காரி. லெமன் பாம் என்று பெயர். பின்கட்டில் ஒரே தொட்டியில் வைத்தது, இப்போது ரோஜாத் தொட்டி, மிளகாய்த் தொட்டி எல்லாவற்றிலும் கேட்காமலே குடும்பம் நடத்துகிறது. தூக்கம் வராதவருக்கு அதைப் போட்டு டீ வைப்பார். கொசு மொய்த்தால் அதையே கையில் தேய்த்துக்கொள்வார். காய்ந்தால் வாசம் ஓடிவிடும் என்று, ஒரு கொத்தை ஈரத்துணியில் சுற்றிக் காரிலேயே வைத்திருப்பார்.

இத்தனைக்கும் அவரைவிடப் படபடப்புக்காரர் கிடையாது. அவருடைய அப்பாவும் சித்தப்பாக்கள் மூவரும் அப்படித்தான். கடைசிச் சித்தப்பா தன் கல்யாணத்தன்று வாசலிலேயே மயங்கி விழுந்தவர். மாஸ்டர் உட்காரும் பக்கம் அவருக்கென்று தனி பிரேக் உண்டு. எதிரே பூனை சோம்பல் முறித்தாலும் அவர் கால் அந்த பிரேக்மேல் போய்விடும்.

அதுதான் வினையாயிற்று. வீட்டம்மாவுக்கு அவரேதான் கற்றுக்கொடுத்தார். அந்த அம்மாள் பிரேக்கைத் தேடுமுன் இவர் மிதித்துவிடுவார். லைசென்ஸ் தேர்வில் அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தபோதும், வண்டி தானாக நிற்குமென்று அந்த அம்மாள் காத்திருந்தார். தேர்வுக்குப் போன இரண்டு முறையும், திடலில் வளைவைத் தாண்டி நட்டிருந்த கம்பம் சாய்ந்தது. "பொண்டாட்டியவே தேத்த முடியல, நம்மளையா தேத்தப்போறாரு?" என்று, சேர வந்த மூன்று பேர் நடையைக் கட்டினார்கள். அடுத்த முறையும் தவறினால் மாஸ்டர் தன் டிரைவிங் பள்ளியை மூட வேண்டியதுதான்.

மூன்றாவது முறைக்கு வீட்டம்மா நாத்தனாரின் பழைய காரில் பழகினார். "உங்கண்ணன் ஏறினா நான் எறங்கிடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

தேர்வன்று ஜன்னல் வழியே இலையை நீட்டினார் மாஸ்டர்.

"எனக்கெதுக்கு? உங்களுக்குத்தான் வேர்த்து ஊத்துது. நீங்களே மோந்துக்கோங்க."

"அந்த வளைவுல மட்டும்..."

"தள்ளி நில்லுங்க. உங்க மேலயே ஏத்திடப் போறேன்."

வண்டி புறப்பட்டது. மாஸ்டர் இலையை மோந்து பார்க்கவில்லை, தின்றார். கொத்தில் காம்பு மட்டும் மிஞ்சியது. வளைவைக் கடந்து, அதே கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால், வண்டி அலுங்காமல் நின்றது. அதிகாரி இறங்கி, "பாஸ்" என்று கையெழுத்துப் போட்டார். வீட்டம்மா தாளை வாங்கிக்கொண்டு மாஸ்டரின் எதிரே வந்து நின்றார்.

"பிரேக்குலேருந்து கால எடுங்க. வண்டி நின்னு எவ்வளவு நேரமாச்சு."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். வலது செருப்பு மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்தது.