இறுக்கிக் கட்டியவன்

என் மனைவியின் உடம்பில் ஒட்டவைத்த சதையைச் சாகடித்தவன் நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

செல்விக்குப் பெண்ணுறுப்பில் புற்றுநோய். மதுரையில் அதை வெட்டி எடுத்து, அந்த இடத்தை மூடத் தொடைச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றார்கள். அது சினிமாக்காரர்கள் அழகுக்குச் செய்துகொள்வதல்லவா? நோய் ஓரிடத்தில் இருக்க, நல்ல தொடையை ஏன் அறுத்தார்கள்? அன்றே எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊர் கம்பத்துக்கு வந்ததும் புண்மேல் போட்டிருந்த கட்டைப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. இறுக்கக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்பினார். நான் நம்பவில்லை. திராட்சைக் கொடியில் வேறு கொடியின் குச்சியை வெட்டிச் செருகி ஒட்டுக் கட்டுவது என் தொழில். நாடா தளர்ந்தால் ஒட்டுப் பிடிக்காது, காய்ந்துவிடும். இதுகூடத் தெரியாமலா படித்தார்கள்... ஏனோதானோவென்று கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டினேன்.

வேட்டியைக் கிழித்து, இடுப்பையும் தொடையையும் சேர்த்து இறுக்கினேன்.

"வலிக்குதுங்க. கொஞ்சம் தளத்துங்க."

"டாக்டர்தான் இப்பிடிக் கட்டச் சொன்னாக. பேசாம படு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்!

மூன்றாம் நாள் சதையின் ஓரம் கறுத்திருந்தது. துணியை அவிழ்த்து ஒளித்துவிட்டுத்தான் மதுரைக்கு வண்டி பிடித்தேன். டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"மேல எதையாவது இறுக்கிக் கட்டினீங்களா? ரத்தம் ஓடாம செத்திருக்கு."

வெட்டிய குச்சியல்ல அது, தன் ரத்தக்குழாயோடு உயிரோடிருந்த சதை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனாலும், "இல்லை" என்றேன்.

மறுபடியும் அறுவை. இந்த முறை அடுத்த தொடை.

செல்வி தன்னையே நொந்துகொண்டாள். "பாக்க வந்தவுக முன்னால படுத்திருக்கக் கூச்சமா இருந்துச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டேன். அதான்..."

நான் மறுக்கவில்லை. "உக்காராதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே" என்று கடிந்துகொள்ளவும் செய்தேன். நான் மனிதன்தானா?

இப்போது நடக்கிறாள். உட்காரும்போது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறாள்.

போன வாரம் தோட்டத்துக்குச் சோறு கொண்டுவந்தாள். ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்த என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செடிக்கும் இம்புட்டு இறுக்கித்தான் கட்டுவீகளோ?"

அவ்வளவுதான். தூக்குவாளியைத் திறந்து சோற்றை வைத்தாள்.

தெரிந்துதான் கேட்டாளா? எப்போது தெரிந்தது? கேட்கப்போனால் நானே சொன்னதாகிவிடும்... அன்றுமுதல் அவள் உப்புப் போதுமா என்று கேட்டால்கூட முகத்தைப் பார்க்கிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.