கத்தி படாத கருவாடு

கணினி நீக்கும் விளம்பரத்தை மூன்று நாட்களுக்குள் ஒரு மனிதர் பரிசீலிக்க வேண்டும் என்பது அந்த இணையச் சந்தையின் விதி. அரச அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்த நான் விதிகளை நம்புபவன்.

கற்பிட்டியில் என் அயல்வீட்டு ரஹீமா, மழைக்கு முன் தன் நெத்தலிக் கருவாட்டை விற்க அந்தச் சந்தையில் ஒரு விளம்பரம் போட்டுத் தரச் சொன்னார். முழு மீனாகவே காயவைத்தது என்பதை “கத்தி படாதது” என்று அழகாக எழுதினேன். ஆயுத விற்பனை என்று கணினி அதை நீக்கியது.

“சேர், அந்தச் சொல்ல எடுத்துட்டுப் போடுங்களே.”

“பிழை அவங்கட. நாம ஏன் திருத்தணும்?”

“கருவாடு ஒங்கட நியாயத்துக்குக் காத்திருக்குமா?”

விதியின் பிரதிகளோடு மூன்று முறையீடுகள் அனுப்பினேன். மூன்று நாட்கள் கடந்தும் பதில் வரவில்லை; அதற்குள் மழை பிடித்தது. பூஞ்சணம் பூத்த கருவாட்டை நவம்பர் எட்டாம் திகதி அவர் தென்னையடியில் புதைத்தார். அந்தச் சொல்லை அழிக்க எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.

“தங்கள் விளம்பரத்தில் தவறில்லை” என்ற பதில் ஒன்பதாம் திகதி வந்தது.