பொங்கல் பானைக்குப் பின்னால் ஒரு பெரியவர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலுக்குப் போய், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் படம் போடுவது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தேன். சிரிக்காதீர்கள், கட்டணம் கட்டித்தான் கற்றுக்கொண்டேன். கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுத் தருகிறோம் என்று பேனர் வைத்திருந்தார்கள். மகள் ஆசைப்பட்டாள். உள்ளே போனால் குழந்தைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம். ஏப்ரன் கட்டிய ஒரு பெண் அட்டைமேல் ஓர் இலையை வைத்தாள், பிரஷ்ஷைச் சாயத்தில் தொட்டுச் சீப்பின்மேல் தேய்த்தாள், இலையைச் சுற்றிச் சாயம் தூறலாக விழுந்தது. இலையை எடுத்தால் அடியில் வெள்ளையாக இன்னோர் இலை. எல்லா அம்மாக்களும் கை தட்டினார்கள். இது வெளிநாட்டு உத்தி என்று அந்தப் பெண் விளக்கினாள். உக்கடத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் பிறந்த உத்தி எப்போது விமானம் ஏறிப் போனதோ தெரியவில்லை.

அதுகூடப் போகட்டும். ஒட்டுவதற்கு ஒரு பசைக்குச்சி கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி வாசனை. பசைக்கு எதற்குப் பழ வாசனை? பசை என்றால் மைதா வேகிற வாசனை வர வேண்டும். அந்த வாசனை எனக்கு என் அக்கா சாந்தாமணியின் வாசனை.

எங்கள் அப்பா பேக்கரி வைத்திருந்தார். கடையில் எலித் தொல்லை என்று மைதா மூட்டைகளை வீட்டு முன்னறையில்தான் அடுக்குவார். வருகிற விருந்தாளி நாற்காலி இல்லையென்றால் மூட்டைமேல் உட்காருவார், எழுந்து போகும்போது பின்பக்கம் வெள்ளையாகப் போவார். சொல்ல மாட்டோம். அந்த மைதாவில் ஒரு கரண்டி எடுத்துக் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு இறக்குவாள் அக்கா. ஒட்டிய அட்டையை ஒரு ராத்திரி முழுக்க மைதா மூட்டைக்கு அடியில் வைத்துவிடுவாள். காலையில் எடுத்தால் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது.

"சோத்துப் பருக்கைல மட்டும் ஒட்டீராத கண்ணு. காஞ்சா வாயத் தொறந்துரும்" என்று எனக்கு அடிக்கடி சொல்வாள். அவளுடைய வேதத்தில் அது முதல் விதி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மார்கழி பிறந்தால் ஒப்பனக்காரத் தெருக் கடைகளில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிடுவார்கள். பானை, கரும்பு, மாடு, அப்புறம் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஒரு சினிமா நடிகை. எங்கள் வீட்டில் அதையெல்லாம் வாங்கியதில்லை. அக்காவே செய்வாள். நூலைச் சாயத்தில் முக்கி மடித்த அட்டைக்குள் வைத்து உருவினால் தானாக ஒரு பூ விழும். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி அச்சுக் குத்தினாலும் பூதான். அம்மா குழம்புக்கு அரிந்துவைத்த வெண்டைக்காயில் ஒன்றிரண்டு நீல நிறமாக இருக்கும். அப்பா மட்டும் எதுவும் கேட்காமல் சாப்பிடுவார்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான், அச்சடித்த பக்கத்தின்மேல் படம் போட்ட தாளை ஒட்டிவிடுவாள். எங்கள் பேக்கரியில் ஒரு பன்னும் டீயும் சாப்பிட்டவர்கள்கூட மகள் கல்யாணத்துக்கு அப்பாவுக்குப் பத்திரிகை வைப்பார்கள். முகூர்த்த மாதங்களில் கட்டுக்கட்டாக வரும். மஞ்சள் தடவிய மூலையை வட்டமாக வெட்டினால் அது சூரியன். பிள்ளையார்மேல் மட்டும் கத்தரி படக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அவரைச் சுற்றி வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்போம். டின் நிறையப் பிள்ளையார்கள், ஒருவர்மேல் ஒருவர் படுத்துக்கொண்டு.

கருமாதிப் பத்திரிகை மட்டும் வீட்டுக்கு வராது. அதுவும் நல்ல கனமான அட்டைதான், இறந்தவரின் படம் போட்டது. ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. கடையிலேயே படித்து, ரொட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவைத்து, காரியம் முடிந்ததும் அப்பா கிழித்துப் போட்டுவிடுவார். வீட்டில் அந்தப் பேச்சைக்கூட அம்மா பாதியில் நிறுத்திவிடுவாள்.

அக்கா டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தாள். கோடை விடுமுறையில் நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போய்வந்துவிட்டால் டிராயிங் டீச்சர் ஆகிவிடலாம். இந்த வீட்டிடம் அவள் கேட்டது அது ஒன்றைத்தான். அதற்குள் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து எல்லாப் பொருத்தமும் பொருந்தித் தொலைத்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கோழிப்பண்ணை.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அக்கா முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தீவனத்தில் மக்காச்சோளம் எவ்வளவு சேர்க்கலாம் என்று அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து சூடாக வந்த முட்டை பப்ஸைத் தொடவில்லை. "எனக்கு முட்டை ஆகாதுங்க" என்றார். முட்டையில் கட்டிய பங்களா அவருடையது. அவருடைய அம்மா சுவரோரம் கொடிபோலக் கயிற்றில் தொங்கிய அட்டைகளைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இதெல்லாம் நீ பண்ணுனதா?"

"ஆமாங்க. டிராயிங் டீச்சர் டிரெய்னிங்குக்குப் போகோணுங்க."

"அதெல்லாம் எதுக்கம்மிணி? எங்கூட்ல முட்டை பிரிச்சு அடுக்கவே ஆள் பத்தறதில்ல. நீ வந்துதான் அதப் பாத்துக்கோணும்."

அவர்கள் மருமகள் தேடவில்லை, சம்பளம் இல்லாத ஆள் தேடினார்கள். நகை போட்டு அனுப்பும்படி கேட்டதுதான் வித்தியாசம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா சொன்னாள், "எனக்கு வேண்டாமுங்கப்பா." அப்பா கெட்டவர் இல்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "வார்த்தை குடுத்துப்போட்டனே அம்மிணி. டிரெய்னிங்குக்கு அப்பறமா அவிங்களே அனுப்புவாங்க." அம்மா சாம்பார் ஊற்றினாள். பேச்சு முடிந்தது.

மார்கழியில் நல்ல காரியம் கூடாது. தை பிறந்ததும் பூ வைத்து உறுதி செய்வதாக ஏற்பாடு. இடையில் அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதிப்பது அபூர்வம், உதித்தால் யாராலும் தடுக்க முடியாது.

"அம்மிணி, சம்பந்தி ஊட்டுக்கு நீயே ஒரு பொங்கல் வாழ்த்து செஞ்சு குடு. மருமக கையால செஞ்சதுன்னா அவிங்க பூரிச்சுப் போயிருவாங்க."

"சரிங்கப்பா" என்றாள் அக்கா. பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து அழுதுகொண்டிருந்தவள் அவ்வளவு சுருக்கமாகச் சரி என்றதும் எனக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது பதினாறு வயதுதான். அந்த வாரம் அப்பாவுக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனதும் அவள்தான். அந்த அட்டைக்கு மட்டும் என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. முடித்த பிறகு காட்டினாள். பொங்கி வழிகிற பானை, மேலே மஞ்சள் மூலைச் சூரியன், சுற்றிலும் வேப்பிலைத் தூறல். அவள் செய்ததிலேயே அழகான அட்டை அதுதான். வழக்கமாக வாழ்த்துகளைக் கவரை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் அனுப்புவோம், தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். சம்பந்தி வீடு என்பதால் அப்பா கவரை ஒட்டி, முழு ஸ்டாம்பு வைத்து, தானே போய்ப் பெட்டியில் போட்டார்.

மாட்டுப்பொங்கல் சாயங்காலம் தரகர் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"உள்ள வாங்க" என்றார் அப்பா.

"இல்லீங்க. இத வெச்சுக்கிட்டு உங்க ஊட்டுக்குள்ள வரப்படாதுங்க" என்று சொல்லி, வாசல் சுவர்மேல் பொட்டலத்தை வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றுகொண்டார்.

அப்பா பிரித்தார். அக்கா செய்த அட்டைதான். முன்பக்கத்துத் தாள் பாதி பிரிந்து தொங்கியது. பொங்கல் பானைக்குப் பின்னாலிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் எங்களைப் பார்த்தார். மீசை நன்றாக இருந்தது. கீழே, இன்ன தேதியில் இறைவனடி சேர்ந்ததை முன்னிட்டு என்று அச்சடித்திருந்தது. கருமாதிப் பத்திரிகை.

"அட, நம்ம வர்க்கிக்காரரு!" என்றார் அப்பா. தினமும் கடைக்கு வந்து வர்க்கி ரொட்டி வாங்கிப்போனவர். பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் புரிந்து முகம் செத்துப்போனது.

"சாமி ரூம்ல வெச்சிருக்காங்க" என்றார் தரகர். "பொங்கலன்னைக்கு வெளக்குச் சூட்டுல தாள் பிரிஞ்சு போச்சுங்க. அந்தம்மா கும்புட்டுட்டு நிமிந்தா இவரு பாத்துட்டு நிக்கறாரு. போட்ட சத்தத்துல பண்ணையே கலஞ்சு போச்சாம். காச்சல் இன்னும் எறங்கலீங்க. சகுனம் செரியில்ல, இது வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க."

லாரி லாரியாகக் கோழிகளைச் சாக அனுப்புகிற வீடு. யாரோ ஒரு பெரியவர், வயதாகி நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவர், அவருடைய படத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். சகுனம் என்பது ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்யும்போல.

அப்புறம் வீட்டில் ரகளை. கல்யாணப் பத்திரிகைகளோடு கலந்து கொண்டுவந்துவிட்டீர்கள் என்று அம்மா அப்பாவைத் திட்டினாள். அப்பா கடை மாஸ்டரைத் திட்டினார். மாஸ்டர் காலத்தைத் திட்டினார். ஒருவரும் அக்காவைக் கேட்கவில்லை. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். பெண் ஏமாந்துபோவாள் என்று நம்பினார்கள், பெண் தீர்மானம் செய்வாள் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை.

நான் கிழிந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் காய்ந்து சருகாகிப்போன சோற்றுப் பருக்கைகள். அடுப்படிக்குப் போனேன். அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, பருக்கைல ஒட்டீருக்கறே?"

அவள் நிமிரவில்லை. "மைதா தீந்துபோச்சு கண்ணு."

முன்னறையில் மைதா மூட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. நான் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பல்லடத்தில் கிளம்பிய செய்தி அவிநாசியைத் தாண்டிப் போனது. கருமாதிக் கார்டு அனுப்பிய வீட்டுப் பெண் என்று பெயராகிவிட்டது, அந்த வருடம் ஒரு ஜாதகமும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அந்தப் பயிற்சிக்காவது போய்வரட்டும் என்று கோடையில் அப்பாவே கொண்டுபோய்ச் சேர்த்தார். அக்கா டிராயிங் டீச்சர் ஆனாள். பிறகு கல்யாணமும் ஆனது. மாமா முட்டை பப்ஸ் சாப்பிடுகிறவர், நல்ல மனிதர்.

இப்போது ஒப்பனக்காரத் தெருவில் பொங்கல் வாழ்த்து தொங்கும் கயிறு இல்லை. வாழ்த்தும் கருமாதியும் ஒரே செல்போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன, வாசற்படி தாண்டிப் படுக்கையறைவரை வருகின்றன, இரண்டுக்கும் ஒரே கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்கிறோம். அத்தனை உத்தி தெரிந்த என் அக்காவே தினமும் காலையில் மின்னுகிற ரோஜாப்பூ அனுப்புகிறாள். நான் திறப்பதில்லை.

முந்தாநாள் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகத் தேவையிருக்காது என்று மாப்பிள்ளையின் அப்பா பெருமையாகச் சொன்னார். அக்கா மகள் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாமுங்க. நீங்க காப்பி சாப்ட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். மாலில் கற்றுக்கொண்டதை அக்காவிடம் சொல்லிப் பெருமூச்சு விட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். அந்த நாள் போச்சு, அந்த அட்டை போச்சு என்று. அடுப்படியில் அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அன்று ஒரு தடவைதான்.

"பாத்தியா கண்ணு, வாயிலயே சொல்லிப்போட்டா. எனக்கு அதச் சொல்றதுக்கு, செத்துப்போன மனுசன எழுப்பிக் கூட்டியாற வேண்டியிருந்துச்சு."

அந்த அட்டைகள் ஒழிந்துபோனதில் எனக்கு வருத்தமே இல்லை.