ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் போன்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வசதி இல்லை. போன வருடம் ஆயுத பூஜை அன்று, ஓசூர் சிப்காட்டில், நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இது நடந்தது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

என்னை ஜைபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கிருஷ்ணகிரி. கம்பெனி கொடுத்த லேப்டாப், போன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. எந்தப் போன் எங்கே இருக்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் என் கம்ப்யூட்டரில் வரிசையாகத் தெரியும். இங்கிருந்தபடியே ஒரு போனைப் பூட்டலாம், அலற விடலாம், உள்ளே இருப்பதை மொத்தமாக அழிக்கலாம். இந்த வேலைக்கு வந்த பிறகு நான் யாரையும் லேசில் நம்புவதில்லை. "தண்ணியில விழுந்து செத்துடுச்சு மேடம்" என்பார்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தால் அந்தப் போன் தளியில் யார் வீட்டிலோ குழந்தைக்குக் கார்ட்டூன் காட்டிக்கொண்டிருக்கும். "உன்கிட்ட பொய் சொல்றதுக்கு போலீஸ்கிட்டயே சொல்லிடலாம்" என்று என் வீட்டுக்காரர் ஆமிர் கிண்டல் செய்வார்.

எங்கள் கம்பெனியில் பிரஸ் ஷாப் என்று ஒன்று உண்டு. இரும்புத் தகட்டை ஓங்கி அடித்து வண்டி பாகங்களாக்கும் பெரிய பெரிய இயந்திரங்கள் அங்கேதான். ஷிஃப்ட் தொடங்கும்போது ஆபரேட்டர் தன் இயந்திரத்தைப் போட்டோ எடுத்து, 'சரி' என்று போனில் போட வேண்டும். அதற்காக ஆளுக்கொரு கம்பெனி போன். முதலில் பின் நம்பர் கொடுத்திருந்தோம். ஒருத்தர் நம்பர் பத்துப் பேருக்குத் தெரிந்தது. அவன் போனை இவன் திறந்து, பார்க்காத இயந்திரத்துக்கெல்லாம் 'சரி' போட்டார்கள். நான் விட்டுவிடுவேனா? ஒரு போனுக்கு ஒரு விரல் என்று மாற்றினேன். வலது கை ஆள்காட்டி விரல். அதையும் என் முன்னால் நின்று பதிய வேண்டும். பின் நம்பர் என்னிடம் மட்டும்.

அதன் பிறகு பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோரும் கையுறையில் அந்த ஒரு விரலின் நுனியை மட்டும் கத்தரித்துக்கொண்டார்கள். மூடிய கையிலிருந்து ஒற்றை விரல் நுனி எட்டிப் பார்க்கும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஹெச்.ஆர். மேனேஜர் கௌதம் கூப்பிட்டார்.

"மாரிமுத்துன்னு ஒரு கான்ட்ராக்ட் பையன். ஏழாம் நம்பர் பிரஸ். மூணு வாரமா ஆள் வரல. போனையும் தரல. அவன்தான் வச்சிருக்கான்னு ஒரு ரிப்போர்ட் கொடுங்க. நிறுத்திடலாம்."

"ஏன் வரல சார்?"

"சொல்லாம ஊருக்குப் போயிட்டான்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே உறுத்தியது.

என் இடத்துக்கு வந்து பார்த்தேன். மாரிமுத்துவின் போன் அணையவில்லை. சார்ஜ் 41 சதவீதம். முந்தைய நாள் சாயந்திரம் திறந்திருக்கிறார்கள். கைரேகை வைத்து. சரிதான், ஆள் அதை வைத்துக்கொண்டுதான் ஊர் சுற்றுகிறார் என்று நினைத்தேன். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. அந்தப் போன் இணைந்திருந்தது எங்கள் பிரஸ் ஷாப் வைஃபையில். வேலைக்கு வராத ஆள் எப்படி உள்ளே வந்து திறக்கிறார்?

கேட்டில் கேட்டேன். செக்யூரிட்டி கருப்பசாமி தலையாட்டினார்.

"அந்தப் பையன் வர்றதே இல்லீங்க மேடம்."

அந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. இவரும் உடந்தையோ என்று நினைத்தேன். உள்ளே வந்து, தகடு அடிக்கும் அச்சுகளை யாராவது போட்டோ எடுத்து வெளியே விற்கிறார்களோ... எங்கள் தொழிலில் அது நடக்கும். ஆனால் ஒருத்தருடைய வேலை போகிற விஷயம். சும்மா சந்தேகத்தில் எழுதக் கூடாது. கையும் களவுமாகப் பிடித்த பிறகு எழுதலாம் என்று ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்தேன்.

மறுநாளும் பார்த்தேன். சார்ஜ் 41. முந்தைய நாளும் 41 தான். சார்ஜில் போட்டிருந்தால் ஏறியிருக்கும். போடாவிட்டால் இறங்கியிருக்கும். பின்னால் தள்ளிப் பார்த்தேன். மூன்று வாரமாக 41.

சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று எங்கள் கம்பெனியில் இயந்திரங்களுக்கு நடப்பதெல்லாம் போன்களுக்கும் நடக்கும். துடைத்து, முதுகில் சந்தனம் குங்குமம் வைத்து, பெரிய தாம்பாளங்களில் சாமி படத்தின் முன்னால் அடுக்குவார்கள். பூஜை வைத்ததை மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். எனக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தோது. எல்லாப் போனும் ஒரே இடத்தில் சும்மா கிடக்கும். புது சாஃப்ட்வேரை மொத்தமாக ஏற்றிவிடலாம்.

மதியத்துக்குள் எல்லோரும் பொரி, சுண்டல் பையோடு கிளம்பிவிட்டார்கள். கேட்டில் கருப்பசாமி. ஆபீஸில் நான். வேறு யாரும் இல்லை.

சாயந்திரம் 5.52. ஒரு போனைத் தவிர எல்லாம் 'திறக்கப்படவில்லை' என்று காட்டியது.

அந்த ஒரு போன்... திறந்தது.

மாரிமுத்து. கைரேகை. பிரஸ் ஷாப்.

மாட்டினாயா என்று இருந்தது எனக்கு. எழுந்துவிட்டேன்.

கருப்பசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். வரவே மனமில்லாமல் வந்தார். பிரஸ் ஷாப் கதவுப் பூட்டு பூட்டியபடியே இருந்தது. அவர்தான் திறந்தார். திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க."

"நான் உள்ள வரலீங்க மேடம்."

"ஏன்?"

"சும்மாதான்."

லைட்டைப் போட்டேன். ஊதுபத்தி வாசனை இன்னும் இருந்தது. ஒவ்வொரு இயந்திரத்திலும் வாழைக்கன்று, மாலை, சந்தனம். வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆள் இல்லை. ஒளிய இடமும் இல்லை.

ஏழாம் நம்பருக்கு வந்தேன். அதற்கு மட்டும் மாலை இல்லை. சந்தனம் இல்லை. மேலே பச்சைத் தார்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

6.07. என் கையிலிருந்த லேப்டாப்பில் பார்த்தேன்.

மறுபடி திறந்தது.

யாரோ இங்கேதான் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

போனை அலற விடும் பொத்தானை அழுத்தினேன்.

ட்ர்ர்ர்ர்... ட்ர்ர்ர்ர்...

தார்பாய்க்குள்ளிருந்து.

விலக்கினேன். இயந்திரத்தின் கீழே வெட்டுத் துண்டுகள் விழும் இரும்புத் தொட்டி. அதற்குள்ளிருந்துதான். முழங்கை வரை கையை விட்டேன். தகட்டு ஓரங்கள் கீறின. அடியில் கண்ணாடி தட்டுப்பட்டது.

எடுத்தேன்.

விரிசல் விட்ட போன். எண்ணெய்ப் பிசுக்கு. சார்ஜ் 41.

நான் நிறுத்தவில்லை. அலறல் தானாக நின்றது.

இரண்டு ஓரங்களையும் பிடித்திருந்தேன். கண்ணாடியில் என் விரல் படவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். படவில்லை.

விரல் வைக்கும் இடத்தில் கண்ணாடி மங்கியது...

ஆவி பட்டதுபோல். சின்னதாக. நீள்வட்டமாக.

உள்ளே கோடு கோடாக ரேகை.

க்ளிக்.

திறந்தது.

ஓடி வந்துவிட்டேன். கதவை அறைந்து சாத்தினேன். கருப்பசாமி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. விரிசல் விட்ட கண்ணாடி, ஈரம், தப்பாகப் படித்திருக்கும் என்று ஆமிர் சொன்னார். நானும் அப்படியே நம்பப் பார்த்தேன். ஆனாலும் மாரிமுத்துவை ஒரு தடவை நேரில் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விஜயதசமி லீவு. காலையில் பஸ் பிடித்து மத்திகிரி போனேன். போன் பையிலேயே இருந்தது.

கால்நடைப் பண்ணைக்குப் பின்னால் வரிசை வீடுகள். "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் என வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் கேட்டு, கடைசி வீட்டைக் காட்டினார். மாரிமுத்துவின் மனைவி இருளாயி கதவைத் திறந்தார். கம்பெனி என்றதும் முகம் மாறியது.

"கையெழுத்துதேன் போட்டுட்டமே. இன்னும் என்னத்துக்கு வந்திருக்கீக?"

"என்ன கையெழுத்து?"

உள்ளேயிருந்து மாரிமுத்து வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வலது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"வாங்க மேடம். விடு இருளாயி. இவுகதேன் அன்னைக்குப் போன்ல என் விரலைப் பதிஞ்சவுக."

துண்டை எடுத்தார்.

ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் கட்டு. விரல் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, ராத்திரி ஷிஃப்டில், பிரஸ் இறங்கியபோது போயிருக்கிறது. கையிலிருந்த போனும் அப்போதே எங்கோ விழுந்துவிட்டது. விபத்து என்று கணக்கில் வரக்கூடாது என்பதற்காக, தானே சொல்லாமல் ஊருக்குப் போனதாக எழுதி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

"விரல்?" என்றேன்.

"ஐஸ்ல போட்டுக் கொண்டாந்தா ஒட்டிரலாம்னு டாக்டர் சொன்னாரு. தேடிப் பாத்தாகளாம். கெடைக்கலையாம்."

நேற்று முழங்கை வரை விட்ட என் கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இவருக்குப் புத்தி கலங்கிப் போச்சுக்கா" என்றார் இருளாயி. "இல்லாத விரலு வலிக்குதுங்காரு."

"வலி மட்டும் இல்ல. என்னத்தையோ தொடுற மாதிரி இருக்கு மேடம். கண்ணாடி மாதிரி. சில்லுனு. சாயந்திரமானாத்தேன்."

"நேத்து?"

"நேத்து ரொம்ப. ஆறு மணி இருக்கும். ஒரே சத்தம் விரலுக்குள்ள. அதிருது. பொறவு யாரோ மேல தூக்குன மாதிரி..."

நான் போனைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது கிடைத்ததும் அவர்களுக்குத் தெரியாது.

"வேலைய விட்டு எடுத்துருவாகளா மேடம்?" என்றார் மெதுவாக.

"எடுக்க முடியாது" என்றேன். "போன் பிரஸ் ஷாப்ப விட்டு வெளியவே போகலன்னு ரிப்போர்ட் கொடுக்கப் போறேன். ஏன் அங்க கிடந்துச்சுன்னும் எழுதுவேன்."

அப்படியே எழுதினேன். ஹெச்.ஆருக்கு மட்டும் இல்லை, சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். கௌதம் சார் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாரிமுத்துவுக்கு இப்போது ஸ்டோரில் வேலை. அந்தத் தொட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். இரும்பைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அன்று கிளம்பும் நேரத்தில் மாரிமுத்து சொன்ன ஒன்றுக்காக.

எழுந்திருந்தேன். பையைத் தோளில் மாட்டியிருந்தேன். அவர் தன் கையின் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி.

"இப்ப வலிக்கல மேடம்."

"நல்லது."

"வெதுவெதுன்னு இருக்கு. நீங்க எந்திரிச்சதுல இருந்து... யாரோ விரலப் பிடிச்சுக்கிட்ட மாதிரி."

பஸ்ஸுக்குச் சில்லறை தேடி என் கை பைக்குள் இருந்தது.

சில்லறை அகப்படவில்லை. அணைத்து வைத்திருந்த போன்தான் அகப்பட்டிருந்தது. கண்ணாடியில், விரல் வைக்கும் அந்த இடத்தில், என் கட்டைவிரல் இருந்தது.

எடுத்தால் அவருக்கு வலிக்குமோ என்று, அப்படியே நின்றேன்.