முதலில் யார் கை நனைப்பது?

எங்கள் தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான். "மாமா, அக்கா இன்னா படிக்குது?" சர்வதேச உறவுகள் என்று சொன்னால் ஒருத்தன், "அப்டின்னா?" என்பான். இன்னொருத்தி, "ஏரோப்ளேன்ல வேலையா?" என்பாள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். வாயால் சொல்லப்போனால் பாதியில் குழம்பிவிடுகிறேன். அதனால், பிள்ளைகளே, உங்களுக்காக எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை கார் ஓட்டுவது. வல்லம் வடகாலில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி. அங்கே கொரியாவிலிருந்து வந்த ஓர் அதிகாரி இருக்கிறார். அவரைக் காலையில் கூட்டிப்போய் சாயங்காலம் கொண்டுவந்து விடுவேன். என் மகள் பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் எம்.ஏ. படிக்கிறாள். தினமும் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறிப் போய்வருகிறாள். அவள் சேர்ந்த புதிதில் எதிர் வீட்டுக்காரர் கேட்டார்: "இத்த படிச்சா எந்தக் கம்பெனில எடுப்பான்?"

"இது கம்பெனிக்கு இல்ல பெரியப்பா, நாட்டுக்கு" என்றாள் மகள்.

"நாடு ஓவர்டைம் குடுக்குமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் புத்தகத்தை விரித்தால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஏதாவது கேட்காமல் இருக்க முடியாது எனக்கு.

"ரெண்டு நாட்டுக்குள்ள சண்டை வந்தா அந்தத் தூதரை இன்னா பண்ணுவாங்க?"

"ரொம்ப முத்திப்போச்சுன்னா ஊருக்கே அனுப்பிடுவாங்கப்பா."

"அப்பால எப்டி பேசிக்குவாங்க?"

"மூணாவதா ஒரு நாடு நடுவுல நிக்கும். இவங்க சொல்றத அவங்ககிட்ட சொல்லும், அவங்க சொல்றத இவங்ககிட்ட சொல்லும்."

"எனக்கும் எங்கண்ணனுக்கும் நடுவுல உங்கம்மா நிக்கிற மாதிரி."

"அதேதான். ஆனா அம்மா பாதியத்தான் சொல்லும்."

"அதுவும் பாடத்துல வந்துகீதா?"

"அதுக்குத்தான்பா ரெண்டு செமஸ்டர்!"

உள்ளேயிருந்து என் மனைவி, "நான் முழுசா சொல்லியிருந்தா நீங்க இந்நேரம் கோர்ட்டுல நின்னிருப்பீங்க" என்றாள்.

இரண்டாம் வருஷம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். மகள் எடுத்த விஷயம் நம் ஊரைப் பற்றியது. நம் கம்பெனிகளில் கொரியாக்காரர்களும் நம் ஆட்களும் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்களே, அவர்களுக்குள் ஒரு மனஸ்தாபம் வந்தால் யார் முதலில் பேசுகிறார்கள், யார் விட்டுக்கொடுக்கிறார்கள், எப்படித் தீர்கிறது என்று. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதையெல்லாமா எம்.ஏ.வில் எழுதுவார்கள்? அவளுடைய பேராசிரியைக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த நாட்டு அதிகாரி ஒருவராவது பேட்டி கொடுக்க வேண்டும், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் அது வரவில்லையென்றால் தலைப்பையே மாற்ற வேண்டும். நாலு மாசமாகச் சேர்த்ததெல்லாம் வீண்.

மகள் இரண்டு பேரிடம் கேட்டிருந்தாள். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் மேலிடத்தில் அனுமதி வேண்டும் என்று நழுவிவிட்டார். கடைசியில்தான் என்னிடம் வந்தாள். "அப்பா, உன் சாரைக் கேக்குறியா?"

நான் தயங்கித் தயங்கித்தான் காரில் கேட்டேன். அந்த சாருக்கு முப்பத்தெட்டு வயசு இருக்கும், என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவர். வந்து எட்டு மாசம். தமிழில் கொஞ்சம்தான் தெரியும். தினமும் கார் ஏறியதும், "சாப்டாச்சா, அண்ணா?" என்பார். அவர் ஊரிலும் பார்த்தவுடன் அப்படித்தான் கேட்பார்களாம். நான் கேட்டதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சண்டே, உங்க வீடு வரேன்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார். நாங்கள் சொல்வதற்கு முன்பே வாசலில் ஷூவைக் கழற்றினார். ஓர் ஆப்பிள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து என் மனைவியிடம் கொடுத்தார். நாற்காலியில் உட்கார வைத்தோம். இட்லி, மெதுவடை, கேசரி, இரண்டு சட்னி. எனக்கும் எதிரில் ஒரு தட்டு வைத்தாள் என் மனைவி. அவர் கூச்சப்படக் கூடாது என்று நானும் உட்கார்ந்தேன்.

"சாப்பிடுங்க சார்" என்றேன்.

சிரித்தார். தலையை ஆட்டினார். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடவில்லை.

ஐந்து நிமிஷம் ஆனது. மழை பற்றிப் பேசினோம். ஒரகடம் சிக்னலில் டிராபிக் பற்றிப் பேசினோம். பத்து நிமிஷம் ஆனது. இட்லியில் ஆவி அடங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெண் பார்க்க வருபவர்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் கை நனைக்க மாட்டார்கள். என் தங்கையைப் பார்க்க வல்லக்கோட்டையிலிருந்து வந்தவர்கள், வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு முடியாது என்று சொல்வது அவ்வளவு பெரிய தப்பு.

அந்தத் தட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இந்த மனுஷன் முடியாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். தினமும் முகம் பார்க்கிற டிரைவர், காரில் சொன்னால் நன்றாயிருக்காது, வீடு தேடி வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

மனைவி சமையல் அறைக்குக் கூப்பிட்டாள். "இன்னாங்க, தொடவே மாட்டேங்குறாரு? வேணாம்னு சொல்ல வந்துகீறாரு போல."

"எனக்கும் அப்டித்தான் தோணுது."

அங்கே நின்றிருந்த மகளின் முகம் சுருங்கிவிட்டது. படிவத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்பா, நீ அவரு கூட வழியில டீ குடிப்பியே. யாரு முதல்ல குடிப்பீங்க?"

"இப்ப டீயா முக்கியம்?"

"சொல்லுப்பா."

யோசித்தேன். கடையில் நான் நின்றபடியே மடக்கென்று ஒரு வாய் குடிப்பேன். அவர் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பார். நான் குடித்த பிறகுதான் வாயில் வைப்பார். சூடு ஆறட்டும் என்று காத்திருக்கிறார் என்றுதான் இத்தனை மாசமும் நினைத்திருந்தேன்.

"தினமும் அப்டியா?"

"தினமும்தான்."

"அப்பா, நீ வயசுல பெரியவரு. அவங்க ஊர்ல பெரியவங்க கை வைக்காம சின்னவங்க சாப்பிட மாட்டாங்கன்னு படிச்சிருக்கேன். நீ போயி முதல்ல சாப்பிடு."

மனைவி கரண்டியோடு திரும்பினாள். "நல்லாகீதுடி உன் படிப்பு! வந்தவரு பட்டினியா குந்திகினு கீறாரு, உங்கப்பா முதல்ல வாயில போட்டுக்குவாரா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

எனக்கும் மனசு வரவில்லை. விருந்தாளிக்கு முன்னால் இதுவரை நான் ஒரு பருக்கை தொட்டதில்லை. அவருக்கு நிஜமாகவே பிடிக்காமல் இருந்தால்? பிடிக்காதவர் எதிரில் நான் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் அதைவிட அசிங்கம் உண்டா? ஆனால் மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போய் உட்கார்ந்தேன். வடையைப் பிய்த்து வாயில் போட்டேன்.

அவர் கை சட்டென்று தட்டுக்குப் போனது. ஓர் இட்லி, இரண்டாவது இட்லி, சட்னி, வடை. நாலாவது இட்லியில்தான் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் பயந்த விஷயத்தை மகள் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தமிழ் வீட்டில் நிறையப் போடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். அண்ணன் எப்போது கை வைப்பார், எப்போது கை வைப்பார் என்று என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்!

மனைவி, "ஐயோ பாவம்" என்று இன்னும் மூன்று இட்லி வைத்தாள்.

பிறகுதான் படிவம். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார். 'கம்பெனியின் சார்பாக' என்று இருந்தது. அது கூடாது, சொந்த முறையில் என்று மாற்றினால்தான் போடுவேன் என்றார். அந்த ஒரு வரிக்கு மகள் அரை மணி நேரம் அவரோடு பேசினாள். கடைசியில் பேராசிரியைக்குப் போன் போட்டுக் கேட்டு, அடித்து எழுதி, பக்கத்தில் இரண்டு பேரும் சுருக்கக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரமா என்று நான் வாய் பிளந்து பார்த்தேன். இதைத்தான் இவள் படிக்கிறாள் போலிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு லேசாகப் புரிந்தது.

பேட்டி மத்தியானம் வரை நடந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் திரும்பி வந்தாள். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள், தலைப்பு அப்படியே இருக்கும் என்றாள். ஆனால் நடந்ததை இவள் சொல்லக் கேட்டு, பேட்டித் தாளின் ஓரத்தில் பேராசிரியை பென்சிலால் எழுதியிருந்தார்: அந்தத் தட்டு ஆறிய பத்து நிமிஷத்தை ஏன் எழுதவில்லை?

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, அவரு மாட்டேன்னு சொல்லத்தான் வந்தாருன்னு எந்த நேரத்துல முடிவு பண்ண?"

"தண்ணி டம்ளரைக்கூட தொடாதப்போ."

"ஏன் அவரையே கேக்கல?"

எட்டு மாசம் ஒரே காரில் போய்வந்தவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே? என் தங்கையைப் பார்க்க வந்தவர்களையும் நாங்கள் கேட்கவில்லை. அவர்கள் ஏன் தொடவில்லை என்பது நிஜமாக யாருக்குத் தெரியும்?

"எழுதிக்கோ, தெரியலன்னு" என்றேன்.

அவள் பையிலிருந்து இன்னொரு சம்மதப் படிவத்தை எடுத்து என் முன் வைத்தாள். அதில் பேட்டி கொடுப்பவர் என்ற இடத்தில் என் பேர் இருந்தது. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.