ஐந்நூறு என்று எழுதியிருந்த ரெகுலேட்டர்

செலெதோனியா ஒஹேதாவுக்கு மின்சாரம் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்கத் தலைநகரிலிருந்து ஒரு ஆள் வர வேண்டியிருந்தது. இத்தாபுக்கு என்னும் ஊரின் துணைமின் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக அவள் ஆபரேட்டர். வந்தவர் விர்ஹிலியோ இன்ஸ்ஃப்ரான், புதிய மண்டல மேலாளர். நிர்வாகத்தில் பட்டம் வாங்கியவர். டை கட்டிய எல்லாரையும் போல அவரையும் ஊரார் 'தொக்தோர்', அதாவது டாக்டர், என்றார்கள். அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

அந்த நாட்டில் ஜனவரிதான் கோடை; வெயில் கொளுத்தியது. தொக்தோர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் முன்னால் நின்று, அதன் தகட்டை வாசித்தார்.

"ஞா செலெதோனியா, இந்த லைன்ல எவ்வளவு லோடு?" என்று, ஊர் வழக்கப்படி 'ஞா' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துக் கேட்டார்.

"ஐயாயிரம் கே.வி.ஏ., தொக்தோர்."

"இதுல ஐந்நூறுன்னுல்ல போட்டிருக்கு? எந்த மடையன் வாங்கினான் இதை?"

செலெதோனியா, குடித்துக்கொண்டிருந்த தெரேரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தின் குவளையைக் கீழே வைத்தாள். "இது மொத்த லோடையும் தூக்கறதில்ல, தொக்தோர். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா அந்தப் பத்தை மட்டும் சேர்க்கும், கூடினா கழிக்கும். ஐயாயிரத்துல பத்து சதவீதம் ஐந்நூறு. அதைத்தான் தகட்டுல போட்டிருக்கான். தொட்டி நிறைய ஒரு குடம் குறையுதுன்னா, குடத்தைத்தானே எடுப்போம்? இன்னொரு தொட்டியையா தூக்கிட்டு வருவோம்?"

"நான் மேலாண்மை படிச்சவன். குடம், தொட்டியெல்லாம் எங்கிட்ட வேணாம். இதை லைன்லேருந்து எடுங்க. ஐயாயிரத்துல ஒண்ணு நான் வரவழைக்கிறேன்."

"எழுத்துல குடுத்துடுங்க."

மகிழ்ச்சியாகக் கொடுத்தார். கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு வேறு இழுத்தார். அவள் ரெகுலேட்டரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தை மாற்றுவழியில் திருப்பிவிட்டாள். அதன்பின் அந்த நிலையம், தொக்தோரின் அறிக்கை சொன்னபடி, 'ஆபத்திலிருந்து மீட்கப்பட்டது'.

மீட்கப்பட்ட மூன்றாம் நாள் நண்பகலில், லைனின் கடைக்கோடியில் வீட்டு மின்னழுத்தம் இருநூற்றிருபது வோல்ட்டிலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. மின்விசிறிகள் யோசித்து யோசித்துச் சுற்றின. பால் கூட்டுறவுச் சங்கத்தின் குளிரூட்டும் இயந்திரங்கள் உறுமிவிட்டுப் படுத்துக்கொண்டன. மறுநாள் காலை சங்கத் தலைவர் கிரெசென்சியோ, திரிந்த பால் கேன்களை லாரியில் ஏற்றிவந்து, மேலாளர் அறை வாசலில் வரிசையாக இறக்கினார்.

"மூடியைத் தொறந்து பாருங்க, தொக்தோர். உங்க நிர்வாகம் எப்படி மணக்குதுன்னு தெரியும்."

தொக்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டு துணைமின் நிலையத்துக்கு ஓடிவந்தார். "ஞா செலெதோனியா, அதைத் திரும்பப் போட்டுடுங்க!"

"போட்டுடலாம். ஆனா ஏசி எல்லாம் ஓடுது, லோடு இப்ப ஆறாயிரத்து ஐந்நூறு."

தொக்தோர் இரண்டடி பின்வாங்கினார். "அப்ப வெடிச்சிடுமா?"

"பத்து சதவீதம் ஏத்தச் சொன்னா தாங்காது. அஞ்சோட நிறுத்திக்கோன்னு வரம்பு கட்டிடுவேன். சேர்க்கற வோல்டேஜ் குறைஞ்சா, வழக்கமா தாங்கறதைவிட ஒண்ணரை மடங்குக்கு மேலேயே கரண்ட்டை விடும். தயாரிச்சவனே புத்தகத்துல போட்டிருக்கான். எழுத்துல குடுங்க."

இம்முறை கையெழுத்து மட்டும்தான். கோடுகள் இல்லை. அவள் வரம்பைக் குறைத்து ரெகுலேட்டரை இணைத்தாள். கடைக்கோடியில் அழுத்தம் இருநூறைத் தொட்டதும் இயந்திரங்கள் உதறிக்கொண்டு எழுந்தன. அதுவரை திடமாக நின்ற அவள் அப்போதுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

'உடனடி நடவடிக்கையால் நெருக்கடியைச் சமாளித்தேன்' என்று தொக்தோர் அறிக்கை அனுப்பினார். அதைப் படித்து மெய்சிலிர்த்த தலைமையகம் அவருக்குப் பதவி உயர்வு தந்து தலைநகருக்கே அழைத்துக்கொண்டது. போகும்போது செலெதோனியாவிடம், "நீங்களும் கொஞ்சம் கத்துக்கிட்டீங்க இல்லையா?" என்றார்.

"நெறைய, தொக்தோர்."

கிரெசென்சியோ அதோடு விடவில்லை. நூற்றுப் பதினாறு பால்காரர்களின் கையெழுத்துடன் தலைமையகத்துக்கு மனு போட்டார்: இனி செலெதோனியாவின் ஒப்புதல் இல்லாமல் அந்த ரெகுலேட்டரை யாரும் தொடக்கூடாது. மனுவை யாரும் படிக்காததால், மறுக்கவும் ஆளில்லை. முத்திரை விழுந்து திரும்பி வந்தது.

கீழே அவள் பெயருக்கு எதிரே ஒரு வெற்றுக் கோடு. இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையெழுத்தைக் கேட்டு வந்த முதல் காகிதம். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினாள்.